யாரும் விலை கேட்காத பலகை

காஞ்சிபுரத்தில் ஒரு பொருள் பழையதாகிவிட்டது என்பதனாலேயே அதன் மதிப்பு அடியோடு போய்விடுவதில்லை. இழை நைந்து, மடிப்பில் கிழிந்து, இனி உடுத்த முடியாது என்றாகிவிட்ட பட்டுப்புடவையைக்கூட, அதன் சரிகையிலுள்ள வெள்ளிக்காக விலைபேசி வாங்கிச் செல்லும் வியாபாரிகள் தெருத் தெருவாக வருகிறார்கள். ஓட்டை விழுந்த பித்தளைக் குடத்துக்கு எடைபோட்டுப் பணம் தர ஆள் உண்டு. பழைய வீட்டை இடிக்கப்போகிறார்கள் என்ற செய்தி பரவிய மறுநாளே, தேக்கு நிலைக்கும் உத்தரத்துக்கும் முன்பணம் கொடுக்க ஒருவர் வந்து நிற்கிறார். இத்தனைக்கும் கிராக்கி உள்ள இதே ஊரில், புதுக் குடித்தனம் வைத்தபோது ஆசையுடன் வாங்கிப்போட்ட அலமாரியும் கட்டிலும் சமையலறைக் கதவுகளும் பத்துப் பன்னிரண்டு வருஷங்களில் கீல் தளர்ந்து, அடிப்பாகம் ஊதி, வாசல் சுவரில் சார்த்தி வைக்கப்படும்போது, அவற்றைத் திரும்பிப் பார்ப்பவர் எவரும் இல்லை. பழைய இரும்பு, பேப்பர் எடுக்க வருகிற வண்டிக்காரர் கீலையும் பூட்டையும் கைப்பிடியையும் கழற்றிக்கொண்டு, "பலகை வேண்டாங்க, எடைக்குப் போட்டாலும் யாரும் எடுத்துக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறார். அவர் சொல்வது வியாபார ரீதியில் முழு உண்மை.

வீட்டின் பின்கட்டில் ஒரு சிறு தச்சுப் பட்டறை வைத்துக்கொண்டு இத்தகைய பலகைகளோடு பல வருஷங்களாகப் பழகிவருகிறவன் என்ற முறையில், அவற்றின் பொருட்டுச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். சந்தையில் விலையில்லாத பொருளைச் சந்தை காப்பாற்றாது. செலவிடும் நேரத்தைக் கூலியாகக் கணக்கிடாத வீட்டுப் பட்டறை ஒன்றே அதைக் காப்பாற்றவல்லது என்பது என் திடமான அபிப்பிராயம். ஆனால் அப்படிக் காப்பாற்றுவதற்குக் கைத்திறமையைக் காட்டிலும் முதலில் வேண்டுவது, அந்தப் பலகை எதனால் ஆனது, எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்ற ஞானமேயாகும்.

மரம் ஒரு வேலையிலிருந்து மற்றொரு வேலைக்கு மாறிப் பிறவி எடுப்பது தமிழ்நாட்டுக்குப் புதிய விஷயமன்று. நகரத்தார் பர்மாவிலிருந்து கப்பலில் தருவித்த தேக்கால் எழுந்த செட்டிநாட்டு வீடுகளின் தூண்களும் கதவுகளும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் இன்றைக்கும் விலைபோய்க்கொண்டிருக்கின்றன. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996-ஆம் வருஷம் திறக்கப்பட்ட தக்ஷிணசித்ராவில், இடிபட இருந்த பழைய வீடுகளைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கொணர்ந்து, அந்தந்தப் பிரதேசத்துக் கைவினைஞர்களைக் கொண்டே மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள். காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் வீட்டுக்கும் அங்கே ஓர் இடம் உண்டு. பழைய தச்சர்கள் மரத்தைக் கழுந்தும் துளையுமாகப் பொருத்தி ஆப்பு அடித்தார்கள். ஆப்பைத் தட்டி எடுத்தால் வீடே காயம் படாமல் பிரிந்து வரும். மறு உபயோகம் என்பது அந்த மரவேலையின் பொருத்திலேயே அடங்கியிருந்தது.

இன்றைய பலகையின் வரலாறு வேறு. நீலகிரி மாவட்டத்துக் கூடலூர்க் காடுகளில் நடந்த மரவெட்டை எதிர்த்து நிலம்பூர்க் கோவிலகத்தைச் சேர்ந்த டி. என். கோதவர்மன் திருமுல்பாடு 1995-ல் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 12-ஆம் தேதி பிறப்பித்த உத்தரவு இந்தியாவின் மரத்தொழிலையே திசை திருப்பிவிட்டது. அங்கீகரிக்கப்பட்ட திட்டமின்றி எந்தக் காட்டிலும் மரம் வெட்டலாகாது என்றாயிற்று. வடகிழக்கு மாநிலங்களில் பல மர ஆலைகள் மூடப்பட்டன. ப்ளைவுட் தொழில், விவசாயிகள் வயலிலும் வரப்பிலும் வளர்க்கிற பாப்ளர், யூகலிப்டஸ் ஆகிய மரங்களைப் பெரிதும் நாடத் தொடங்கிற்று. காடு பிழைத்தது, அது பெரிய நன்மை. மறுபுறம், மத்தியதரக் குடும்பங்களின் வீட்டில் தேக்குக்கும் வேங்கைக்கும் பதிலாகத் தகடும் தூளும் பசையுமாகச் சேர்ந்த பலகைகள் வந்து அமர்ந்தன.

அவற்றுள் மிகவும் இகழப்படுவது பார்ட்டிகிள் போர்டு. அதன் பிறப்பை அறிந்தால் இகழ மனம் வராது. மரத்தை அறுக்கும்போதும் இழைக்கும்போதும் வீணாகிற சிராயையும் சீவலையும் பசையிட்டு அழுத்திப் பலகையாக்கினால் என்ன என்று ஜெர்மனியில் மாக்ஸ் ஹிம்மெல்ஹேபர் என்பவர் 1930-களில் முயன்றதிலிருந்து வளர்ந்து, இரண்டாம் உலகப்போரின் பஞ்சகாலத்தில் ஆலைக்கு வந்த சரக்கு அது. கழிவை வீணாக்கலாகாது என்ற எண்ணத்தில் பிறந்த பொருளே இன்று மிகச் சீக்கிரத்தில் கழிவாகிவிடுகிறது என்பதை நினைக்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டாகிறது.

பட்டறைக்கு வந்த பலகையை முதலில் அதன் விளிம்பில் படிக்கவேண்டும். முகத்தில் ஒட்டியிருக்கும் மைக்கா எல்லாப் பலகைக்கும் ஒரே வேஷத்தைப் போட்டுவிடுகிறது. ஓரப்பட்டியைக் கத்தி முனையால் உரித்தால்தான் உள்ளிருப்பது தெரியும். மெல்லிய தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக, ஒன்றின் நார் நீளவாட்டிலும் அடுத்ததன் நார் குறுக்குவாட்டிலுமாக, ஒற்றைப்படை எண்ணிக்கையில் அடுக்கியிருந்தால் அது ப்ளைவுட். இரண்டு தகடுகளுக்கு நடுவே விரற்கடை அகலமுள்ள மரச் சட்டங்கள் வரிசையாக நின்றால் பிளாக்போர்டு. நடுவில் பெரிய சிராயும் இருமுகத்தருகே நுண்ணிய தூளுமாகக் காணப்பட்டால் பார்ட்டிகிள் போர்டு. எங்கும் ஒரே சீராக, நாரே தெரியாமல், கெட்டி அட்டையைப் போலிருந்தால் எம்.டி.எஃப். ப்ளைவுட்டின் முகத்தில் ஐ.எஸ். 303 என்றோ ஐ.எஸ். 710 என்றோ முத்திரை தென்படுமானால் அதிருஷ்டம். பின்னது மெரைன் ப்ளைவுட், 72 மணி நேரம் கொதிநீரில் இட்டுப் பரீக்ஷித்தும் ஒட்டு விடாத பசையால் ஆனது. பழைய சமையலறை மேடையின் அடியிலிருந்து அத்தகைய பலகை ஒன்று கிடைத்தால், மேலே எவ்வளவு எண்ணெய்க் கறை படிந்திருந்தாலும் நான் விடமாட்டேன். பிறகு பலகையை நிமிர்த்தி விரல் கணுவால் மேலிருந்து கீழ்வரை தட்டிக்கொண்டே வரவேண்டும். கணீரென்ற ஓசை எங்கே மழுங்குகிறதோ அங்கே தகடு விட்டிருக்கிறது, அல்லது கறையான் உள்ளே குடியிருந்து போயிருக்கிறது.

தண்ணீரைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்லவேண்டும். பலகையின் ஆயுள் பெரும்பாலும் அதைப் பொறுத்தே நிற்கிறது. மரம் தண்ணீரால் அழியும் என்று நாம் பொதுவாகச் சொன்னாலும், மரத்தை அழிப்பது பூஞ்சணம். அது உயிர் வாழ ஈரமும் காற்றும் இரண்டும் வேண்டும். முழுக்க நீரில் அமிழ்ந்து காற்றுப் புகாத மரம் நெடுங்காலம் நிலைக்கும். கிணற்றில் நெல்லிக்கட்டை போட்டு வைத்த நம் முன்னோர் இதை அநுபவத்தில் கண்டவர்கள். இந்த ஊருக்கு இதைவிடப் பெரிய சாக்ஷி வேண்டுவதில்லை. சின்ன காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் புஷ்கரிணிக்குள் சயனித்திருக்கும் அத்திவரதர், 40 வருஷங்களுக்கு ஒருமுறை வெளியே எழுந்தருளுகிறார். 1979-க்குப் பின் 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்டு 17 வரை 48 நாட்கள் அத்தி மரத் திருமேனியாகவே அவரைத் தரிசிக்க லட்சக்கணக்கானோர் வந்து குவிந்தனர். பெருமாளின் சங்கல்பம் என்று கைகூப்புகிற கூட்டத்தில் நின்றபோது, மரத்தின் மகிமையையும் சேர்த்து நினைத்துக் கண் கலங்கியவர்களில் நானும் ஒருவன்.

பார்ட்டிகிள் போர்டுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. சூடான அழுத்தியில் மரச் சிராயை நசுக்கி, யூரியா ஃபார்மால்டிஹைடு பசையால் அந்த நிலையிலேயே பிடித்து வைத்திருக்கிறார்கள். தண்ணீர் புகுந்தால் பசை தளர்கிறது, நசுங்கிக் கிடந்த சிராய் பழைய பருமனுக்கு எழும்புகிறது. வெயிலில் காயவைத்தால் ஈரம் போகும், ஊதல் போகாது. ஆகையால் ஐப்பசி, கார்த்திகை மழையில் தரை ஈரம் ஏறி ஊதிப்போன அலமாரியின் அடிப்பாகத்தை எந்த வைத்தியத்தாலும் சொஸ்தப்படுத்த முயலவேண்டாம். ஊதல் நின்ற இடத்திலிருந்து இன்னும் இரண்டு அங்குலம் மேலே கோடு கிழித்து அறுத்து எறிந்துவிட்டால், ஆறடிப் பலகையில் ஐந்தரை அடி நல்ல பலகை மிஞ்சும். எல்லோரும் தூக்கி எறிவது அந்த அரை அடிக்காக ஐந்தரை அடியை.

அறுப்பதற்கு முன் ஒரு பழைய ஒலிபெருக்கியின் காந்தத்தைப் பலகை முழுவதும் தடவிப் பார்ப்பது வழக்கம். உடைந்த திருகாணி ஒன்று உள்ளே மறைந்திருந்தால் ரம்பத்தின் பற்கள் ஒரே இழுப்பில் போய்விடும். மைக்கா ஒட்டிய பலகை அறுபடும்போது ஓரம் சிதறுவது பெரிய தொல்லை. கோட்டின்மேல் கூர்மையான கத்தியால் இரண்டு மூன்று தரம் அழுத்திக் கீறி, மைக்கா அறுபட்டபின், நல்ல முகம் மேலே இருக்கும்படி வைத்து நுண்பல் கைரம்பத்தைத் தாழ்ந்த சாய்வில் ஓட்டினால் சிதறல் குறையும். கையால் தள்ளும் மின்வட்ட ரம்பமானால் அதன் பற்கள் கீழிருந்து மேலே வெட்டுவதால் நல்ல முகம் கீழே இருக்கவேண்டும். அறுத்த விளிம்பை அப்படியே விட்டுவிடுவது, வாசற்கதவைத் திறந்துவைத்துவிட்டுத் தூங்கப்போவதற்குச் சமானம். வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கரைத்து இருமுறை பூசிக் காயவைத்து, அதன்மேல் ஓரப்பட்டியோ வார்னிஷோ கொடுத்துவிடவேண்டும். அந்த வெள்ளைப் பசை மைக்காவின் முகத்தில் ஒட்டாது என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். அங்கே மைக்காவை உரித்துவிட்டுத்தான் பசை போடவேண்டும்.

பழைய பலகையில் வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் மனமுடைந்து போவது திருகாணியினால்தான். கீல் இருந்த இடத்தில் துளை வாய் பிளந்து நிற்கும். அதே துளையில் இன்னும் பருமனான திருகாணியைச் செலுத்தினால் சில நாள் நிற்கும், பிறகு ஒரு கைப்பிடித் தூளோடு வெளியே வரும். அந்தத் துளையை ஒழுங்கான வட்டமாகப் பெரிதாக்கி, பசை தடவிய மரக்குச்சியை இறுக்கி அடித்து, ஒரு நாள் காயவிட்டு, குச்சியின் நடுவில் சிறு வழித்துளை போட்டுத் திருகாணியை ஏற்றினால், திருகாணி பிடிப்பது மரத்தை. மரத்தைப் பிடிப்பது பசை. பசை பலகையின் விஸ்தாரமான பரப்பைப் பிடிக்கிறது. பாரம் அப்படிப் பகிர்ந்துகொள்ளப்படுகிறது. ஆயினும் பார்ட்டிகிள் போர்டின் விளிம்பில் திருகாணி ஏற்றி ஒரு பெரும் பாரத்தைத் தொங்கவிடுவது, எவ்வளவு பக்குவமாகச் செய்தாலும், சரியன்று.

என் பட்டறையில் நான் மிகவும் விரும்பிச் செய்வது கொலுப்படி. காஞ்சிபுரத்தில் பொம்மைக்காரத் தெரு என்று ஒரு தெருவே உண்டு. நவராத்திரிக்கு இங்கே உருவாகும் பொம்மைகள் பல ஊர்களுக்குப் போகின்றன. பொம்மை வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் படிக்கு என்ன செய்வது என்று தவிப்பதைப் பார்க்கும்போதெல்லாம், எறியப்பட்ட அலமாரிக்கும் கொலுப்படிக்கும் ஜாதகம் இவ்வளவு நன்றாகப் பொருந்துகிறதே என்று தோன்றும். கூடத்துக்குள் ஈரம்படாத இடம். சில நாள் உபயோகம். பிறகு பிரித்துப் பரண்மேல் ஏற்றிவிடலாம். அலமாரியின் பக்கப் பலகை இருபது அங்குல அகலம் இருந்தால் நீளவாட்டில் இரண்டாக வகிர்ந்துவிடலாம்; பத்து அங்குல அகலமுள்ள இரண்டு படி கிடைக்கும். நாலடி நீளப் படியை இரண்டு முனையில் மட்டும் தாங்கினால், களிமண் செட்டியாரும் தசாவதார வரிசையும் ஏறியவுடன் நடுவில் தொய்யும். பலகையின் தாங்கும் இடைவெளியைப் பாதியாக்கினால், நடுவில் வைத்த அதே பாரத்துக்குத் தொய்வு எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடும் என்பது கணித சாஸ்திரம். ஆகவே நடுவிலும் ஒரு தாங்கி வேண்டும். இரண்டு பலகைகளை முகத்தோடு முகம் நன்றாகப் பசையிட்டு ஒன்றாக்கினால், ஒற்றைப் பலகையைவிட எட்டு மடங்கு விறைப்பு வரும். ஒட்டாமல் சும்மா அடுக்கினால் இரண்டு மடங்குதான்.

படிக்கட்டுபோல் ஏறும் மூன்று தாங்கிகளைச் சமையலறைக் கதவின் ப்ளைவுட்டிலிருந்து எடுப்பேன். படிப் பலகைக்குப் பார்ட்டிகிள் போர்டு. பலகையைத் தாங்கியோடு திருகாணியால் பிணைப்பதில்லை. அடியில் குறுக்கே இரண்டு ரீப்பர்களை ஒட்டிவிட்டால், அவை தாங்கிக்கு இருபுறமும் பிடித்துக்கொண்டு பலகையை நகரவிடாது. பாரம் முழுவதும் நேர்கீழாக இறங்குகிறது. அமுக்கத்தைத் தாங்கவல்ல, இழுப்பைத் தாங்காத பலகைக்கு இதைவிடப் பொருத்தமான உத்தியோகம் எது? போன புரட்டாசியில் எதிர்வீட்டு அம்மாள் ஒருவர், "அண்ணா, இது எங்க பழைய பீரோ தானா?" என்று விரலால் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார், ஐந்து படியும் அவர் வீட்டு வாசலில் கிடந்த பலகையே.

மேஜைக்கும் பெஞ்சுக்கும் கால் வேண்டுமானால் பலகையை நம்பக்கூடாது. கட்டி மரம் வேண்டும். அதற்கு இந்த ஊர் ஒரு துயரமான வகையில் வசதி செய்துகொடுத்திருக்கிறது. பிள்ளையார்பாளையம் போன்ற நெசவுத் தெருக்களில் பிள்ளைகள் வேறு உத்தியோகம் பார்க்கப் போனபின் பல வீடுகளில் தறிக்குழி மூடப்பட்டுத் தரை போடப்பட்டுவிட்டது. படமரமும் தறிக்கால்களும் விறகுக்குப் போகின்றன. பல வருஷம் பாவின் இழுப்பைத் தாங்கி, முறுக்கெல்லாம் அடங்கி, கை பட்டுப் பட்டு வழவழப்பேறிய அந்த மரத்தில் உளி வைக்கும்போது ஒரு பயபக்தி ஏற்படுகிறது. என் வேலை மேஜை அத்தகைய நான்கு தறிக்கால்களின்மேல் நிற்கிறது; அதன் மேற்பரப்பு, ஒரு பிளாக்போர்டுக் கதவு. தறி மறுபடியும் தறியாகவே நின்றால் எனக்கு எவ்வளவோ சந்தோஷம். அது நடவாதபோது அடுப்புக்குப் போகாமல் இருப்பதாவது ஆறுதல்.

தஞ்சாவூரில் பிறந்து, வாழ்நாளின் கடைசிப் பகுதியைக் கல்லுப்பட்டியில் கழித்த ஜே. சி. குமரப்பா, நிலைபேற்றுப் பொருளாதாரத்தைப் பற்றி 1945-ல் எழுதிய நூலை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. ஆற்று நீரையும் காட்டையும்போல் இடையறாது புதுப்பித்துக்கொள்ளும் செல்வம் ஒன்று. நிலக்கரி, எண்ணெய்போல் எடுக்க எடுக்கத் தீரும் செல்வம் மற்றொன்று என்று அவர் பிரித்தார். நமது பலகையில் இவ்விரண்டும் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கின்றன: மரம் முதல் வகை, பெரும்பாலும் இயற்கை வாயுவிலிருந்து உண்டாகும் பசை இரண்டாவது வகை. கலந்தபின் மரம் மண்ணுக்கு எருவாகத் திரும்பவும் வழியில்லை, பசையைத் தனியே மீட்கவும் வழியில்லை. அதனால்தான் வண்டிக்காரர் அதை ஏற்பதில்லை. அதனால்தான் அதை எத்தனை வருஷம் வேலையில் வைத்திருக்க முடியுமோ அத்தனை வருஷம் வைத்திருப்பது அவசியமாகிறது.

உடல் க்ஷேமத்தைப் பற்றியும் சொல்லிவிடவேண்டும். மரத்தூளும் ஃபார்மால்டிஹைடும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு நிச்சயித்திருக்கிறது. பழைய பலகையிலிருந்து பசையின் ஆவி நாளடைவில் குறைந்துவிடும் என்றாலும், அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் புதுப் பரப்பு திறந்துகொள்கிறது, எம்.டி.எஃப். தூளோ காற்றில் நெடுநேரம் மிதக்கும். மூக்கையும் வாயையும் இறுக்கமாக மூடும் நல்ல முகக்கவசமின்றி, காற்றோட்டமில்லாத அறையில், குழந்தைகளை அருகில் வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்யலாகாது. பழைய பெயின்டு பூசிய பலகையை உப்புத்தாள் கொண்டு தேய்க்கவே வேண்டாம். வீட்டுப் பெயின்டில் ஈயத்தைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்குள் கட்டுப்படுத்தும் விதி நம் நாட்டில் அமலுக்கு வந்தது 2017 நவம்பரில்தான்.

எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது, இந்தப் பலகைகள் கடைசியில் நெருப்புக்குப் போவது. விறகு என்று எண்ணி வெந்நீர் அடுப்பில் வைக்கிறார்கள். மார்கழி முழுவதும் வாசலில் சேர்த்துவைத்துப் போகியன்று விடியற்காலையில் கொளுத்துகிறார்கள். பழைய பாயும் ஓலையும் கொளுத்திய காலத்துச் சம்பிரதாயம் அது. பசையும் மைக்காவும் பெயின்டும் எரிகிற புகையைப் பனிமூட்டத்தோடு சேர்த்துக் குழந்தைகள் சுவாசிக்கிறார்கள். காஞ்சிபுரம் 2021-ல் மாநகராட்சியாக உயர்ந்தது. அந்த மாநகராட்சி, பெரிய காஞ்சிபுரத்தில் ஒன்றும் சின்ன காஞ்சிபுரத்தில் ஒன்றுமாக, மழை படாத கூரையின் கீழே இரண்டு இடங்களை ஒதுக்கித் தந்தால் போதும். புரட்டாசிக்குள், அதாவது வடகிழக்குப் பருவமழை இறங்குமுன்பே, வீடுகளிலிருந்து பலகைகளை அங்கே கொண்டுவந்து சேர்க்கலாம். ப்ளைவுட் ஒருபுறம், பார்ட்டிகிள் போர்டு ஒருபுறம் என்று நிமிர்த்தி அடுக்கலாம். பட்டறை வைத்திருப்பவர்களும், தொழிற்பயிற்சி நிலையத்து மாணவர்களும், பள்ளிக்கூடத்துக்குப் புத்தக அலமாரி வேண்டுமென்று கேட்கிற ஆசிரியர்களும் வேண்டியதை எடுத்துப்போகலாம். எங்கள் தெருவில் இந்த வருஷம் அதை நாங்களே சிறிய அளவில் தொடங்கியிருக்கிறோம்: ஒரு காலியான தறிக்கூடத்தில், தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் செங்கல் அடுக்கி, அதன்மேல்.